அத்தியாயம் 6: பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வேண்டுமா?

ஹார்டுடெயில் வாங்கி ஓரிரு வருடம் மலைத்தடங்களில் ஓட்டியவருக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். முன்னால் ஃபோர்க் நன்றாக அமுங்குகிறது. பின்னால் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து இறங்குகிறது. கூட வருகிறவர் ஃபுல் சஸ்பென்ஷனில் அதே பாறைச்சரிவைப் பேசிக்கொண்டே கடந்து போனால் ஆசை இன்னும் கூடும். ஆனால் இது கையைக் கடிக்கும் செலவு. பலருக்குப் புதிய சைக்கிளின் விலை பழையதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். வாங்கிய பிறகும் வருடா வருடம் பராமரிப்புக்கென்று ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

எனவே இந்த அத்தியாயம் என்ன சொல்லப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை போகிற தடத்துக்காகச் சைக்கிள் வாங்காதீர்கள். வாராவாரம் ஓட்டுகிற தடத்துக்காக வாங்குங்கள். அந்தத் தடத்தில் உங்களைத் தடுப்பது பின்சக்கரம்தான் என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் வழிதான் கீழே வருவது.

## பின் சஸ்பென்ஷன் செய்யும் வேலை

இடுப்பு வலிக்காது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது உண்மைதான். ஆனாலும் பின் சஸ்பென்ஷனின் முதல் வேலை பிடிமானம். ஹார்டுடெயிலின் பின்சக்கரம் ஒரு கல்லில் மோதினால், சக்கரம் மட்டும் தனியாக ஏறி இறங்க வழியில்லை. ஃபிரேமும் அதன்மேல் இருக்கும் ஆளும் சேர்ந்து தூக்கப்படுகிறார்கள். கல்லைத் தாண்டியதும் ஒரு கணம் டயர் தரையைத் தொடுவதில்லை. அப்போது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பெடலை மிதித்தால் வெறுமனே சுழலும். பின் ஷாக் இருந்தால் சக்கரம் மட்டும் மேலே போய், தரையை ஒட்டியே கீழே வரும். அதனால் வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில், உட்கார்ந்தபடி மிதித்து ஏறுகிறவருக்கும் அது கைகொடுக்கிறது. "ஃபுல் சஸ்பென்ஷன் இறக்கத்துக்கு மட்டும்தான்" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை.

இரண்டாவது, சைக்கிளின் நிலை. ஹார்டுடெயிலில் முன்பக்கம் மட்டும் அமுங்குவதால், இறக்கத்தில் ஃபோர்க் உள்ளே போகப்போக ஹேண்டில்பார் தாழ்கிறது, ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) செங்குத்தாகிறது. சைக்கிள் நிதானமாக இருக்க வேண்டிய இடத்திலேயே முன்னால் கவிழப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கும் சைக்கிளில் இந்த மாற்றம் குறைவு. புதியவர்களுக்கு இறக்கத்தில் கிடைக்கும் துணிச்சலில் பாதி இதனால் வருவதுதான்.

மூன்றாவது, களைப்பு. ஹார்டுடெயிலில் முழங்காலும் கணுக்காலும்தான் பின் சஸ்பென்ஷன். கரடுமுரடான இறக்கம் முழுக்க எழுந்து நின்றே ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. நான்கு மணி நேரம் ஓட்டும் நாளில் கடைசி மணி நேரத்தில் தொடை நடுங்கும். தவறுகளும் விழுதல்களும் அப்போதுதான் நடக்கும்.

இதற்கெல்லாம் கொடுக்க வேண்டியதும் உண்டு. ஒரே விலையில் இரண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டால், ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாக இருக்கும். அதில் வரும் ஃபோர்க், பிரேக், கியர் எல்லாம் ஒரு படி கீழான ரகமாக இருக்கும். ஷாக், லிங்க், பேரிங் ஆகியவற்றுக்கான பணம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. வழுவழுப்பான சாலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் உழைப்பின் ஒரு பகுதி ஷாக்கை அமுக்குவதிலேயே போய்விடும். லாக்அவுட் நெம்புகோல் அதைக் குறைக்கும், முழுவதும் போக்காது.

## லண்டன், 2012: ஒரு வினாடி

பந்தய உலகில் ஹார்டுடெயில் கடைசிவரை பிடிவாதமாக நின்ற களம் கிராஸ் கன்ட்ரி. அங்கே ஏற்றம் அதிகம், எடை எதிரி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பந்தயம் எசெக்ஸில் உள்ள ஹாட்லி ஃபார்மில் நடந்தது. செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரமுள்ள ஃபுல் சஸ்பென்ஷனில் வந்தார். சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் ஓட்டியது ஹார்டுடெயில். ஒன்றரை மணி நேரப் போட்டியின் முடிவில் குல்ஹாவி ஒரு வினாடி முந்தித் தங்கம் வென்றார்.

இந்த ஒரு வினாடியை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகப் பேசலாம். இங்கே நமக்கு வேண்டியது வேறு. உலகின் தலைசிறந்த இருவர் அந்தத் தடத்தில் ஓட்டியபோது, பின் ஷாக் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் ஓட்டுகிறவரின் திறமைக்குள் கரைந்துபோனது. அதே ஷூர்ட்டர் 2016 ரியோவில் ஃபுல் சஸ்பென்ஷனில் வந்து தங்கம் வென்றார், குல்ஹாவிக்கு வெள்ளி. கிராஸ் கன்ட்ரி தடங்களில் பாறைத் தொகுதிகளும் செங்குத்துச் சரிவுகளும் கூடிக்கொண்டே வந்த காலம் அது. தரை மாறியது, சைக்கிளும் மாறியது. உங்கள் முடிவும் இதே வரிசையில் வரட்டும்: முதலில் தரை, பிறகு சைக்கிள்.

## ஒரு மாதக் குறிப்பு

ஒரு மாதம் வழக்கமான தடத்திலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் காலை ஊன்றிய இடம், தேவைக்கு மேல் பிரேக் பிடித்த இடம், இறங்கித் தள்ளிய இடம் மூன்றையும் வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. மூச்சும் காலும். ஏற்றத்தில் முடியவில்லை. எடை கூடிய சைக்கிள் இதைச் சரிசெய்யாது. சிறிய முன் செயின்ரிங்கோ பெரிய பின் கேசட்டோ போட்டால் ஏறலாம்.

2. பார்வையும் நுட்பமும். எந்தக் கோட்டில் போவது என்று தெரியவில்லை, வளைவில் பயம், சரிவின் விளிம்பில் தயக்கம். இதற்கு ஷாக்கைவிட நன்றாக ஓட்டுகிற ஒருவரின் பின்னால் நாலு நாள் போவது பலன் தரும். கல்லைப் பார்த்து, உடலை நகர்த்தி, சக்கரத்தை லேசாக்கிக் கடத்தும் பழக்கத்தை ஹார்டுடெயில் கண்டிப்பாகக் கற்றுத்தரும். தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும்.

3. டயரும் பிரேக்கும். சரளையில் வழுக்குகிறது, ஈரத்தில் நிற்கவில்லை, அடிக்கடி பஞ்சர். இதற்கான தீர்வு அடுத்த பகுதியில் வருகிறது. செலவும் குறைவு.

4. பின்சக்கர அடி. கோடு சரியாக இருக்கிறது, வேகத்தைத் தாங்கும் தைரியமும் இருக்கிறது. ஆனால் கற்கள் தொடர்ச்சியாக வரும் இடத்தில் பின்பக்கம் துள்ளி, பெடலிலிருந்து கால் நழுவுகிறது. அல்லது சவாரியின் பின்பாதியில் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

பட்டியலில் நான்காவது காரணம் பாதிக்கு மேல் வந்தால் உங்கள் ஆசைக்கு நியாயம் இருக்கிறது. முதல் மூன்றே நிறைந்திருந்தால் புதிய சைக்கிளிலும் அதே இடங்களில்தான் நிற்பீர்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டுகிற பலருக்கு இந்தக் கணக்கு எங்கே சாயும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கண்மாய்க்கரை, தோப்புக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் ஜீப் பாதை போன்றவையே நம் வழக்கமான தடங்கள். இவற்றில் தூசியும் சரளையும் ஆங்காங்கே கல்லும் உண்டு. பாறை மேல் பாறையாக இறங்கும் இடம் குறைவு. நல்ல டயரோடு ஒரு ஹார்டுடெயில் இதற்குத் தாராளமாகப் போதும். ஆளுக்கு மட்டும் இடம் விட்டு வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து, அங்கே ஓட்ட வனத்துறையின் அல்லது தோட்டத்தின் அனுமதியும் இருந்தால் கணக்கு வேறு.

## சைக்கிளை மாற்றாமலே மாற்றக்கூடியவை

டயரும் காற்றும். குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது இதுதான். ஃபிரேம் இடம் கொடுத்தால் பின்னால் 2.4 அங்குல டயர் போட்டு டியூப்லெஸ் ஆக்குங்கள். சாலைப் பழக்கத்தில் 40, 50 பிஎஸ்ஐ காற்றடித்துக்கொண்டு மலையில் ஓட்டுகிறவர்கள் நிறைய. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸில் முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 26 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பார்க்கலாம். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். டியூப் இருந்தால் இவ்வளவு இறக்க முடியாது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி இரட்டைக் கீறல் விழும்.

டிராப்பர் போஸ்ட், அதாவது ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் தண்டு. சரிவில் சீட் தாழ்ந்தால் உடம்பைப் பின்னாலும் கீழேயும் கொண்டுபோக இடம் கிடைக்கும். ஹார்டுடெயிலில் முழங்காலுக்கு வேலை அதிகம் என்பதால், இங்கே டிராப்பர் தரும் பலனும் அதிகம். வாங்குமுன் சீட் டியூபின் உள்விட்டத்தையும், கேபிள் உள்ளே போக வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஃபோர்க். தொடக்க ரகச் சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க், 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே கடினத்தில் இருக்கும். ஏர் ஃபோர்க்கில் நம் எடைக்கேற்பக் காற்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஹெட் டியூப் நேரானதா, கீழே அகலும் டேப்பர்டு வகையா, சக்கரத்தின் ஆக்சில் எந்த அளவு என்று பார்க்காமல் வாங்கினால் பணம் வீண். ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீண்டால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஃபிரேம் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டி நீளமான ஃபோர்க் போட்டால் ஹெட் டியூபுக்கு ஆபத்து, வாரண்டியும் போகும்.

ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க், சக்கரம், பிரேக், டிராப்பர் எல்லாம் சேர்ந்து புதிய சைக்கிளின் விலையில் பாதியைத் தொட்டால் அங்கே நிறுத்துங்கள். விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது. டயரையும் டிராப்பரையும் மட்டும் புதிய சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு, அதுவும் அளவு ஒத்துப்போனால்தான்.

## "டூயல் சஸ்பென்ஷன்" என்ற வலை

இருபதாயிரம் ரூபாய்க்குள் பின்னால் ஒரு பெரிய ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் கடைகளில் பளபளப்பாக நிற்கும். பையன்கள் கேட்பார்கள், பெரியவர்களும் மயங்குவார்கள். ஷாக் என்பது ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்தது. ஸ்பிரிங் அடியை வாங்கும். அது எவ்வளவு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பதை எண்ணெய் ஓடும் டேம்பர் கட்டுப்படுத்தும். இந்த மலிவு ரகங்களில் டேம்பர் பெயரளவுக்குக்கூட இருக்காது. பெடலை மிதித்தால் ஊஞ்சல் ஆடும், கல்லில் இறங்கினால் ஆளைத் தூக்கிப்போடும். எடையும் கூடுதல், பின்பக்கம் அசையும் மூட்டான பிவட்டில் சீக்கிரமே ஆட்டம் காணும். அதே பணத்துக்கு நல்ல டயரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள ஹார்டுடெயில் எல்லா வகையிலும் மேல். ஃபுல் சஸ்பென்ஷனில் "கொஞ்சம் மலிவானது" என்ற படியே கிடையாது என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

## எவ்வளவு டிராவல்?

வாங்குவது என்று முடிவானால் அடுத்த கேள்வி டிராவல், அதாவது சக்கரம் மேலே நகரக்கூடிய தூரம். கிராஸ் கன்ட்ரி வகை 100 முதல் 120 மில்லிமீட்டர். டிரெயில் வகை 130 முதல் 150. என்டியூரோ 150 முதல் 180. டவுன்ஹில் 200 வரை. அதை மேலே மிதித்து ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்து யாரும் செய்வதில்லை, லிஃப்டோ ஜீப்போ ஏற்றிவிடும்.

கூடுதல் டிராவல் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து 170 வாங்குகிறவர்கள் உண்டு. எளிய தடத்தில் அது சலிப்பூட்டும்: கனம், மந்தம், சின்னக் கற்கள் எல்லாம் காணாமல்போகும், ஓட்டுவதே தெரியாது. ஏறுவதும் இறங்குவதும் சமமாக உள்ள நம் மலைத்தடங்களில் ஒரு சைக்கிள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 120 முதல் 140 பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

லிங்கேஜ் வகைகளைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். ஒற்றை பிவட், ஹோர்ஸ்ட் லிங்க், டிடபிள்யூ லிங்க் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. மிதிக்கும்போது எவ்வளவு ஆடுகிறது, பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு இறுகுகிறது என்பதில் வித்தியாசம் தெரியும். ஆனால் முதல் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குகிறவருக்கு அதைவிட முக்கியமானவை மூன்று: சரியான அளவு ஃபிரேம், நம் எடைக்கு ஒழுங்காக அமைத்த ஷாக், உதிரி பாகம் கிடைக்கும் பிராண்டு.

## ஓட்டிப்பார்க்கும் முறை

கடை வாசலில் ஒரு சுற்று போவது சோதனை ஆகாது. நண்பரின் சைக்கிளோ வாடகைச் சைக்கிளோ கிடைத்தால் முதலில் சேக் அளவைச் சரிசெய்யுங்கள். சேக் என்பது நாம் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. ஹெல்மெட், தண்ணீர்ப்பை எல்லாம் போட்டுக்கொண்டு, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷாக்கில் உள்ள ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளி, மெல்ல ஏறி, மெல்ல இறங்குங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர் என்றால் வளையம் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும், அதாவது 30 சதவீதம். ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம். இதற்குத் தனியாக ஷாக் பம்ப் வேண்டும். ஷாக்கில் சாதாரணமாக 150 பிஎஸ்ஐக்கு மேல் போகும், பெட்ரோல் பங்க் காற்று உதவாது.

பிறகு உங்கள் தடத்திலேயே ஒரே சுற்றை இரண்டு சைக்கிளிலும் மாறி மாறி ஓட்டுங்கள். டயர் காற்று இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டயர் செய்த வேலையை ஷாக்கின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஏற்றத்தில் எப்படி, தட்டையில் எப்படி, இறக்கத்தில் எப்படி என்று தனித்தனியாகப் பாருங்கள். சுற்று முடிந்ததும் வளையம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். உங்கள் தடத்தின் மிக மோசமான இடத்தைத் தாண்டியும் பாதி டிராவலைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றால், ஷாக் தேவைக்கு மேல் கடினமாக இருக்கிறது; இல்லையென்றால் தடத்துக்கு அவ்வளவு சஸ்பென்ஷன் தேவைப்படவில்லை.

## வாங்கிய பிறகு வரும் செலவு

ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றுவதும், ஷாக்கின் ஏர் கேனைச் சுத்தம் செய்வதும் பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். துல்லியமான கெடு உங்கள் ஷாக்கின் கையேட்டில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்தில் 50 மணி நேரம் வந்துவிடும். டேம்பரைப் பிரிக்கும் முழு சர்வீஸ் வருடத்துக்கு ஒருமுறையாவது. அது தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இல்லையென்றால் ஷாக்கைக் கழற்றி கூரியரில் அனுப்ப வேண்டும், திரும்பி வரும்வரை சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும். வாங்குமுன் இதை விசாரியுங்கள்.

பிவட் பேரிங்குகளுக்குச் சேறும் தண்ணீரும் பகை. மழைக்காலத்தில் ஓட்டிவிட்டு பைக்குக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் கடையில் நிறுத்தினால், அந்த அழுத்தத் தண்ணீர் சீலைத் தாண்டி கிரீஸை வெளியேற்றிவிடும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். பிவட் போல்டுகளை டார்க் ரெஞ்சால் மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் வாங்க நினைப்பவர் இவற்றைப் பாருங்கள்:

- ஷாக், ஃபோர்க் இரண்டின் பளபளப்பான குழாயில் கீறல் இருக்கிறதா? நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் விலகுங்கள்.
- சீட்டைப் பிடித்து மேலே தூக்கும்போது பின்சக்கரம் எழுமுன் "டொக்" என்ற ஆட்டம் தெரிகிறதா? பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷிங்கோ தேய்ந்திருக்கும்.
- ஷாக்கில் காற்றடித்து ஓர் இரவு வைத்தால் இறங்குகிறதா?
- பிவட்டைச் சுற்றியும் கீழ் பிராக்கெட்டுக்கு மேலேயும் ஃபிரேமில் முடி போன்ற விரிசல் உண்டா?
- அந்த மாடலுக்கான டீரெயிலர் ஹேங்கரும் பேரிங் தொகுப்பும் இப்போதும் கிடைக்கின்றனவா?

## யாருக்கு எது

உங்கள் தடம் ஜீப் பாதையும் சரளையும்தான், குறிப்பேட்டில் முதல் மூன்று காரணங்களே அதிகம் என்றால் ஹார்டுடெயிலிலேயே இருங்கள். டயர், டிராப்பர், தேவைப்பட்டால் ஃபோர்க்.

வழக்கமான தடம் எளிது, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கனடாவின் விஸ்லர் பைக் பார்க்குக்கோ நேபாளத்துக்கோ போகிறவர் என்றால், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். விமானத்தில் சைக்கிள் பெட்டிக்குக் கட்டும் பணமும் மிச்சம், அந்தத் தடத்துக்கேற்ற சைக்கிளும் கிடைக்கும்.

முதுகிலோ இடுப்பிலோ தொந்தரவு இருந்து, நீண்ட சவாரி போக ஆசைப்படுகிறவர் முதலில் சீட் உயரத்தையும் ஹேண்டில்பார் தூரத்தையும் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் வலித்தால், மருத்துவர் சவாரிக்குத் தடை சொல்லாதபட்சத்தில், 100 முதல் 120 மில்லிமீட்டர் ஃபுல் சஸ்பென்ஷன் உங்களுக்கு ஆடம்பரம் ஆகாது. தடம் எளிதாக இருந்தாலும் இந்தச் செலவு தகும்.

வாராவாரம் பாறையிலும் வேரிலும் ஓட்டுகிறீர்கள், குறிப்பேட்டில் நான்காவது காரணம் ஓங்கி நிற்கிறது, சர்வீஸுக்கு ஆள் இருக்கிறார், பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போட்டாகிவிட்டது என்றால் தயங்காமல் வாங்குங்கள். பழைய ஹார்டுடெயிலை முடிந்தால் விற்காதீர்கள். மழைக்காலச் சேற்றுக்கும், ஷாக் சர்வீஸுக்குப் போயிருக்கும் வாரங்களுக்கும், கூட வர விரும்பும் புதியவருக்கும் அது வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறவர் இந்த வாரமே பின்டயரில் காற்றைக் குறைத்து, குறிப்பேட்டைத் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அதே இடங்களில் அதே அடி விழுந்தால் கடைக்குப் போகலாம். அப்போது எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்வீர்கள்.